தொழிற்சாலையும் ஊர்ச்சபையும்

கல்லூரி விழா மலர் ஒன்றைக் கையிலெடுப்போர் முதலில் பழைய அதிபர்களின் படங்களைப் பார்ப்பர். பின்னர்த் தாம் ஆடிய ஆண்டின் கிறிக்கெற் குழுப் படத்தைத் தேடுவர். அதன்பின் தம் பெயர் எங்கேனும் அச்சேறியிருக்கின்றதா என்று புரட்டுவர். அஃது இயல்பே, யானும் அவ்வாறே செய்பவன். அவ்வாறு புரட்டும்போது இக்கட்டுரை இடையில் வந்து தடுக்குமாயின் அன்பர்கள் பொறுத்தருள்க. நாட்டின் கைத்தொழில் வளர்ச்சி பற்றி ஏதேனும் எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். நாடு பெரிது, யான் அறிந்தது சிறிது. ஆதலின், ஒரு தொழிற்சாலைக்கும் அது நிற்கும் ஊரின் சபைக்கும் இடையில் எத்தகைய உறவு இருத்தல் வேண்டும் என்னும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளத் துணிந்தேன்.

எம்மவருள், தொழிற்சாலை எதுவாயினும் வரட்டும், பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தாற் போதும் என்போர் ஒரு சாரார். புகையும் கழிவும் தரும் எதுவும் எம் மண்ணில் வேண்டாம் என்போர் மற்றொரு சாரார். இரு சாராரும் பத்திரிகைகளில் எழுதுகின்றனர், மேடைகளிற் பேசுகின்றனர். தொழிற்சாலை வருமாயின் ஊரின் சார்பில் அதனோடு அமர்ந்து பேசி, எழுதிக் கையொப்பமிடுவோர் யார் என்று கேட்போரை மட்டும் யான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

இவ்வினாவை இப்பொழுது எழுப்புதற்குக் காரணம் உண்டு. 2025ஆம் ஆண்டில், வடக்கில் காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய மூன்று இடங்களிற் கைத்தொழில் வலயங்கள் அமைக்கப்படும் என அரசாங்கம் அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி உள்ளூராட்சித் தேர்தலும் நடைபெற்றது. 2023 மார்ச்சு மாதத்திற் பதவிக்காலம் முடிந்து, ஈராண்டுகளுக்கு மேலாக மக்கட் பிரதிநிதிகள் இன்றி இருந்த சபைகள் மீண்டும் கூடலாயின. இவ்விரண்டையும் யாம் ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு செய்திகளாகவே படித்தோம். தவிசாளர் யார் என்பதில் எமக்கிருந்த அக்கறை, அத்தவிசாளர் நாளை ஒரு தொழிற்சாலை முகாமையாளர் முன் என்ன கேட்கப் போகிறார் என்பதில் இருக்கவில்லை.

இனி, நெடுந்தொலைவில் உள்ள ஓர் ஊரின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. டென்மார்க்கு நாட்டிற் கோபன்ஹேகன் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவில் கலுண்ட்போர்க் என்னும் துறைமுகப் பட்டினம் உளது. எமது யாழ்ப்பாண நகரத்தினும் சிறியது. 1959இல் அங்கு ஒரு மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1961இல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையொன்று வந்தது. எண்ணெய் சுத்திகரிப்புக்குப் பெருமளவு நீர் வேண்டும். அவ்வூரின் நிலத்தடி நீரோ மட்டானது. ஆலை தன் காணிக்குள்ளேயே ஆழத் துளைத்து இறைக்கத் தொடங்கியிருந்தால், அதன் விளைவை ஊரார் சில ஆண்டுகளில் தம் வீட்டுக் குழாய்களிற் கண்டிருப்பர். அங்ஙனம் நிகழவில்லை. ஊருக்குப் புறத்தேயுள்ள திஸ்ஸோ என்னும் ஏரியிலிருந்து மேற்பரப்பு நீரைக் கொண்டுவருவதென்று நகரசபையும் ஆலையும் உடன்பட்டன. குழாய் பதிக்கும் பொறுப்பை நகரசபை ஏற்றது. அதற்கான பணத்தை ஆலை கொடுத்தது.

இவ்விரண்டு வசனங்களிலே தான் இக்கட்டுரையின் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆலையிடம் பணம் இருந்தது. ஆயின் ஊர் நிலங்களினூடாகவும் வீதிகளினூடாகவும் குழாயிட்டுச் செல்லும் உரிமை இல்லை. சபையிடம் அவ்வுரிமை இருந்தது. ஆயின் பணம் இல்லை. ஒருவர்க்கொருவர் தேவைப்பட்டனர். எவரும் எவருக்கும் தானம் செய்யவில்லை; எவரும் எவரையும் அச்சுறுத்தவும் இல்லை. ஊரின் நிலத்தடி நீர் காக்கப்பட்டது.

அந்த முதற் குழாயின் பின் நிகழ்ந்தவை வியப்புக்குரியன. 1972இற் சுத்திகரிப்பு ஆலை வீணாக எரித்துவந்த வாயுவை, அருகில் ஜிப்சம் பலகை செய்யும் ஆலை வாங்கத் தொடங்கியது. 1973இல் மின்நிலையமும் ஏரிக்குழாயோடு இணைந்தது. இன்சுலினும் நொதியங்களும் ஆக்கும் நிறுவனம், தன் கழிவுச் சேற்றை 1976 முதல் உரமாகக் கமக்காரருக்கு அனுப்பியது. 1981இல், மின்நிலையம் கடலிற் கொட்டிவந்த வெப்பத்தை நகரசபை குழாய்வழியே வீடுகளுக்கு எடுத்துச்சென்றது; குளிர்நாடாகிய அங்கு வீடுதோறும் இருந்த எண்ணெய் உலைகள் ஏறத்தாழ 3,500 தேவையற்றுப் போயின. பின்னர் மின்நிலையப் புகையின் கந்தகத்தைச் சுண்ணாம்பினாற் பிடித்து, அதனால் உண்டாகும் ஜிப்சத்தைப் பலகை ஆலைக்கே விற்றனர். ஒருவர் வீட்டு எச்சம் மற்றொருவர் வீட்டு மூலப்பொருளாயிற்று. எம் ஊர்களில் மாட்டெருவும், வேப்பம் பிண்ணாக்கும், கிணற்றடி வழிநீரும் எவ்வாறு வீணாகாதிருந்தனவோ அவ்வாறே என்று கொள்க.

இவற்றை ஒரு பேரறிஞர் குழு கூடித் திட்டமிடவில்லை என்பது நோக்கத்தக்கது. ஒவ்வொன்றும் இருவர் தமக்குள் செய்துகொண்ட தனித்தனி ஒப்பந்தம். ஒவ்வொன்றிலும் இருவர்க்கும் ஊதியம் இருந்தது. இத்தகைய ஊரைத் தாமும் ஆக்குவோம் என்று 1990களில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் மேலிருந்து கீழ்நோக்கித் திட்டமிட்ட கைத்தொழிற் பூங்காக்களுட் பல காகிதத்தோடு நின்றன. கலுண்ட்போர்க் வாசிகளோ தாம் செய்தது ஒரு புதுமை என்பதையே நெடுங்காலம் உணர்ந்திலர். 1980களின் இறுதியில் அவ்வூர்ப் பாடசாலை மாணவர் சிலர் தம் செயற்றிட்டம் ஒன்றுக்காக அக்குழாய்கள் அனைத்தையும் ஒரு மாதிரியுருவாகச் செய்து வைத்தனர். அது கண்டு ஊராரே வியந்தனராம். எமது உயிரியல் மாணவர் ஒன்றியவாழ்வு என்று படிக்கின்றார்களே, அச்சொல்லே அக்காலம் தொட்டு அவ்வூர்க் கைத்தொழில் முறைக்குப் பெயராக வழங்குகிறது.

அங்கும் எல்லாம் பொன்னாக இல்லை. நிலக்கரி மின்நிலையத்தை நம்பிச் சாம்பலும் ஜிப்சமும் பெறுவோர், அந்நிலையம் நிலக்கரியைக் கைவிடும் நாளில் வேறிடம் தேடியே ஆகவேண்டும். கலுண்ட்போர்க்கில் நிலக்கரி ஒழிந்து மரச்சிராய் எரிக்கப்படும் காலமும் வந்தது. பிணைப்பு உறுதியாயின் ஒருவர் விழும்போது மற்றவரும் தள்ளாடுவர். எனினும் ஏரிக்குழாய் அங்கே இருக்கிறது; சபையும் இருக்கிறது.

நிற்க. அவ்வூரை யான் தெரிந்தெடுத்தது நீர் காரணமாகவே. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. வழுக்கையாறு மாரியில் ஓடிக் கோடையில் மறைவது. எமக்குள்ளதெல்லாம் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் மாரி மழை இறங்கித் தேங்கிய நீரே. அந்நன்னீர், கடலோடு தொடர்புடைய உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கின்றது. கடல் மட்டத்திற்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் அதன்கீழ் ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலநூலார் கணக்கு. அக்கணக்கின் மறுபக்கமே அஞ்சத்தக்கது: மேலே 1 அடியை இறைத்துக் குறைத்தால் கீழிருந்து உவர்நீர் 40 அடி ஏறிவிடக்கூடும். நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் இனிப்பதும் அடிநீர் கரிப்பதும் எம் சிறுவர்க்கும் தெரிந்த செய்தி. பெரும் பம்பியொன்றைப் பூட்டுவோர்க்கு மட்டும் அது மறந்துபோகிறது.

சீமெந்துக்கு மூலப்பொருளாகிய அச்சுண்ணக்கல்லே எமது குடிநீரைத் தாங்கும் பாத்திரம். இவ்வுண்மையை வைத்துக்கொண்டு காங்கேசன்துறையை நோக்குவோம். 1950இல் அங்கு தோன்றிய அரசாங்கச் சீமெந்துத் தொழிற்சாலையால் இந்நாட்டுக்கு விளைந்த நன்மையை எவரும் மறுக்கவியலாது. தகப்பனும் மகனும் அதே வாசலால் வேலைக்குச் சென்ற குடும்பங்கள் பல. அச்சம்பளத்திற் படித்து இக்கல்லூரியின் வாசலைத் தாண்டிப் பல்கலைக்கழகம் புகுந்தோரும் உளர். ஆயின் அது அரசாங்கத்தின் தொழிற்சாலை; அதன் பெருந்தீர்மானங்கள் கொழும்பில், அமைச்சிலும் கூட்டுத்தாபனத்திலும் எடுக்கப்பட்டன. 1990இற் போரினால் உற்பத்தி நின்றது. ஊரவர் இடம்பெயர்ந்தனர். ஆண்டுகள் பல கழித்துப் பகுதி பகுதியாகக் காணிகள் விடுவிக்கப்பட்டபோது மீண்டு வந்தவர்களுட் பலர்க்கு எஞ்சியிருந்தவை இடிந்த சுவரும் கிணறுமே. கல்லெடுத்த பெருங்குழிகளும் அவ்வாறே கிடக்கின்றன. கற்குழி என்பது நிலத்தடி நீருக்கு மேலிருந்த கூரையைப் பிரித்த இடம்; அதனுட் கொட்டப்படும் எதுவும் வடிகட்டப்படாமல் அயற்கிணறுகளுக்குச் செல்லத்தக்கது. குழியை நிரப்புவது யார் கடன், யார் செலவு என்பவை குழி தோண்டுமுன் எழுதப்படவேண்டியவை. தோண்டியவர் போனபின் அவ்வினாவைக் கேட்பது கிணற்றை நோக்கிக் கூவுவது போல்வது.

பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் இங்கு நினைவுக்கு வருகிறது. ஆனையிறவு உப்பளத்தின் உப்பு அங்கு சென்று எரிசோடாவாகவும் குளோரினாகவும் மாறிற்று. ஒன்றன் விளைவு மற்றொன்றன் மூலப்பொருள் என்னும் முறை எமக்கு அந்நியமானதன்று. அவ்விணைப்பில் ஊர்ச்சபைக்கு ஓர் ஆசனம் இருக்கவில்லை, குறை அவ்வளவே.

இனி, சட்டம் எமது சபைகளுக்கு அதிகாரம் தரவில்லையே என்பர். ஓரளவு மெய். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசியச் சுற்றாடற் சட்டத்தின்கீழ்ப் பாரதூரமான தொழில்களுக்குரிய அனுமதிப்பத்திரத்தை மத்திய சுற்றாடல் அதிகாரசபை வழங்கும்; சிறு தொழில்கள் மட்டுமே உள்ளூராட்சி சபைகளின் கைக்கு வரும். அரிசி அரைக்கும் ஆலையைச் சபை பார்க்கும். பெரிய ஆலையைக் கொழும்பு பார்க்கும். ஆனால் அதிகாரம் இல்லாத ஒரு நகரசபை என்ன செய்யலாம் என்பதற்கு யப்பானின் யொக்கோஹாமா நகரம் விடை கூறியிருக்கிறது.

1960களின் தொடக்கத்தில் அந்நகரின் இசோகோ என்னும் கரையோரத்தில் நிலக்கரி மின்நிலையம் அமைக்கும் முயற்சி நடந்தது. புகைக்கு அஞ்சிய குடிமக்கள் எதிர்த்தனர். உள்ளூர் மருத்துவர்கள் அவர்களோடு நின்றனர். மின்நிலையத்தைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ நகருக்குச் சட்டவலு இல்லை. ஆயின் அக்கரையோர நிலம் நகரமே கடலைத் தூர்த்து ஆக்கியது. அதை ஒரு மின்சாரக் கம்பனிக்கு விற்றபோது, நகரின் சம்மதமின்றி வேறெவர்க்கும் கைமாற்றலாகாது என்னும் ஒரு வாசகத்தை விற்பனை ஒப்பந்தத்திற் சேர்த்திருந்தனர். அந்நிலத்தின் ஒரு பகுதியை மற்றொரு மின்கம்பனி வாங்க முற்பட்டபோது அவ்வாசகம் உயிர்பெற்றது. 1963இல் நகரபிதாவான அசுகத்த இச்சியோ என்பார், சம்மதம் தருகிறோம், ஆனால் எம் நிபந்தனைகளை ஏற்கவேண்டும் என்றார். எரிக்கும் கரியின் தரம், தூசு பிடிக்கும் கருவி, புகைபோக்கியின் உயரம் ஆகியனவெல்லாம் பேசப்பட்டு, 1964இல் உடன்பாடு ஆயிற்று. அம்முறை யொக்கோஹாமா முறை என்றே பெயர்பெற்று, பின்னர் அந்நாட்டின் ஏனைய நகரங்களுக்கும் பரவி, ஆயிரக்கணக்கான உடன்படிக்கைகளாகப் பெருகிற்று. ஒரு காணி உறுதியில் இருந்த ஒற்றை வாசகம் நாடாளுமன்றம் இயற்றாத சட்டத்தின் வேலையைச் செய்தது. எம் நொத்தாரிசுமார் இதனை இருமுறை படிப்பாராக.

எமது பிரதேச சபைகளும் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி கூட்டிணைக்கப்பட்ட சபைகளே. தம் பெயரால் வழக்காடவும் ஒப்பந்தம் செய்யவும் வல்லவை. சபைக்குரிய வீதியும் வடிகாலும் குப்பை அகற்றும் வண்டியும் கட்டட அனுமதியும் எத்தொழிற்சாலைக்கும் தேவைப்படுபவை. தன்னிடம் ஒன்றும் இல்லை என்று எண்ணும் சபை, தன் பெட்டியைத் திறந்து பார்த்ததில்லை என்பதே என் கருத்து.

யான் உத்தியோகத்தில் இருந்த காலத்தில் ஓர் ஊர்ச்சபைக் கூட்டத்திற் பார்வையாளனாக அமர்ந்திருந்தேன். ஐசுக்கட்டித் தொழிற்சாலை ஒன்றின் விண்ணப்பம் அன்று வந்தது. மதிலின் உயரம், பெயர்ப்பலகையில் மும்மொழிகளின் வரிசை, திறப்பு விழாவுக்கு எவரை அழைப்பது என்பவை பற்றி ஏறத்தாழ 2 மணித்தியாலம் உரையாடினர். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிற்று. ஐசுக்கட்டி என்பது நீரை உறையவைத்தது என்பதையும், அந்நீர் எந்தக் கிணற்றிலிருந்து, நாளொன்றுக்கு எத்தனை ஆயிரம் லீற்றர் வரப்போகிறது என்பதையும் எவரும் கேட்கவில்லை. பார்வையாளர் வாய்திறத்தல் ஒழுங்கன்று என்று யானும் வாளாவிருந்தேன். அது பற்றி இன்றும் எனக்கு வெட்கம் உண்டு. ஈராண்டில் அயல்வீட்டார் கிணற்றுநீர் தேநீருக்கு உதவாமற் போயிற்று. தொழிற்சாலை உரிமையாளர் கெட்டவரல்லர். அவரிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை, எழுதி வாங்கவும் இல்லை.

சுன்னாகத்துச் செய்தி இதனிலும் பெரிது. மின் உற்பத்தி நிலையத்தின் எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரிற் கலந்து அயற்கிணறுகள் பழுதுற்றன என்னும் வழக்கு 2015இல் உயர் நீதிமன்றத்திற்குச் சென்றது. 2019 ஏப்பிரலிற் தீர்ப்பாயிற்று. பாதிக்கப்பட்ட கிணறுகளுக்குரியோர்க்காக 2 கோடி ரூபா செலுத்துமாறு அம்மின் உற்பத்திக் கம்பனிக்கு நீதிமன்றம் கட்டளையிட்டது. அத்தீர்ப்பு இந்நாட்டுச் சுற்றாடற் சட்ட வரலாற்றிற் பெருமைக்குரிய இடம் பெறும். ஆயினும் அவ்விடைக்காலத்தில் அப்பகுதித் தாய்மார் தண்ணீர்ப் பவுசரின் வரவு பார்த்து வாசலில் வாளிகளோடு நின்றனர். நீதிமன்றம் இழப்பை அளந்து பணமாகத் தரலாம். கிணற்றை முன்போல் ஆக்கித் தரும் வல்லமை அதற்கில்லை. நிலையம் இயங்கத் தொடங்கிய முதல் மாதத்திலிருந்தே சுற்றியுள்ள பத்துக் கிணறுகளின் நீரைத் திங்கள்தோறும் அளந்து, அவ்வளவைச் சபைக் கந்தோரின் பலகையில் ஒட்டவேண்டும் என்று ஓர் உடன்படிக்கை இருந்திருக்குமாயின், முதல் துளி எண்ணெய் மணத்தோடேயே ஊர் விழித்திருக்கும்.

இத்தகைய நிபந்தனைகள் விதித்தால் முதலீட்டாளர் ஓடிவிடுவர் என்பது அடிக்கடி கேட்கும் எச்சரிக்கை. தொழில் நடத்திய நண்பர்கள் சிலரோடு இதுபற்றி உரையாடியிருக்கிறேன். அவர்கள் அஞ்சுவது நிபந்தனைக்கு அன்று. இன்று ஒன்றும் நாளை ஒன்றுமாக மாறும் நிபந்தனைக்கும், தொழில் தொடங்கிய பின் வாசலிற் கூடும் கூட்டத்திற்குமே. 2013 ஆகஸ்டில் வெலிவேரியாவில், தொழிற்சாலையொன்றால் நீர் கெட்டதென்று கிளர்ந்த மக்கள்மீது படையினர் சுட்டனர். 3 உயிர்கள் போயின. நீர் கேட்டு மாண்ட அவ்விளைஞரை நினைக்கும்போது, முன்கூட்டியே செய்துகொள்ளும் உடன்படிக்கையை முதலீட்டின் பகையென்று கூறுவோர் எதைக் கருதிக் கூறுகின்றனர் என்பது விளங்கவில்லை. எழுதப்பட்ட நிபந்தனை இருபாலாரையும் காப்பது.

முதலில் வளர்வோம், பின்னர்த் துப்புரவு செய்வோம் என்பது மற்றொரு வாதம். அதற்கும் யப்பானிலேயே விடை இருக்கிறது. கித்தாக்கியூசூ நகரின் தோக்காய் விரிகுடா, 1960களில் ஆலைக்கழிவினால் உயிரற்ற கடல் எனப்பட்டது. அதன் அடியிற் படிந்திருந்த பாதரசச் சேற்றை 1970களில் அகழ்ந்தெடுத்தனர். 350,000 கன மீற்றர். செலவில் நூற்றுக்கு 71 பங்கைத் தொழிற்சாலைகள் ஏற்கவேண்டியதாயிற்று. அவை ஏற்கக்கூடிய செல்வமுடையனவாய் அப்பொழுதும் அங்கேயே இருந்தன என்பதைக் கவனிக்க. எமது ஊரிற் பின்னர்த் துப்புரவு செய்யவேண்டிய நாள் வரும்போது கம்பனியின் பெயர்ப்பலகை மட்டும் எஞ்சியிருக்கும். மேலும், கடலை அகழலாம்; சுண்ணக்கற் பொந்துகளை எந்த யந்திரம் அகழும்?

சபைகளே ஊழலுற்றவை, அவற்றின் கையில் இன்னுமொரு கையொப்பத்தைக் கொடுத்தால் இன்னுமொரு கைக்கூலி பிறக்கும் என்போரும் உளர். இவ்வாதத்தை யான் இலேசாகத் தள்ளமாட்டேன். இதுவே இவற்றுள் வலியது. இதற்கு மருந்து, உடன்படிக்கையை ஒளித்துவைக்காமை. தமிழில் எழுதி, அச்சிட்டு, சபையின் நூலகத்திற் பத்திரிகைகளோடு கிடத்துதல் வேண்டும். நீர்மானியின் திங்கட் கணக்கு அதனருகே தொங்கவேண்டும். ஆயிரம் பேர் பார்க்கும் எண்ணை மாற்றுவதற்குக் கைக்கூலி வாங்கத் துணிவோர் சிலரே.

காங்கேசன்துறை வலயத்திற்கு வரும் தொழிற்சாலையிடம் வலிகாமம் வடக்குப் பிரதேச சபை எதனைக் கேட்கலாம்? எனக்குத் தோன்றுவதைக் கூறுகிறேன். சட்டம் வல்லோர் திருத்துக. நீர் எங்கிருந்து வரும் என்பதே முதற் கேள்வி. ஊர்க்கிணற்று நீர்வில்லையிலிருந்து பேரளவில் இறைப்பதில்லை என்பது முதல் வாசகமாகட்டும். மருதங்கேணிப் பகுதியின் தாழையடியில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட கடல்நீர் நன்னீராக்கும் நிலையம் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தர அமைக்கப்பட்டது. அது மக்கள் குடிப்பதற்கென்று வந்த நீர். தொழிற்சாலை அதில் வாய்வைக்குமுன் தனக்கெனக் கூரைநீர்த் தொட்டியையோ, தன் கடல்நீர் ஆலையையோ கட்டுதல் முறை. கட்டுவோர்க்குச் சபை என்ன கொடுக்கும்? குழாய் செல்லும் வழியையும், வீதியையும், விரைந்த அனுமதியையும், சோலை வரியிற் சில ஆண்டுச் சலுகையையும் கொடுக்கலாம். கலுண்ட்போர்க்கின் பேரம் இதுவே. கல்லெடுப்போர் குழி மூடுதற்கான வைப்புப்பணத்தை முதற் கல் எடுக்குமுன் வங்கியில் இடவேண்டும். தொழிற்சாலை கைமாறினால் உடன்படிக்கையும் வாங்குவோரோடு செல்லவேண்டும். இது யொக்கோஹாமா கற்பித்தது.

கழிவைக் கைமாற்றும் வாய்ப்புகளையும் தேடலாம். மீன் பதனிடும் இடத்தின் கழிவு எருவாகும். கிளிநொச்சி நெல்லாலைகளின் உமி கொதிகலனுக்கு எரிபொருளாகும். இவை தொழில் செய்வோர் தாமே கண்டுகொள்பவை. அவர்களை மாதமொருமுறை ஒரே மேசையில் அமர்த்தித் தேநீர் கொடுப்பதைச் சபை செய்தாற் போதும்.

இவற்றையெல்லாம் அளக்கவும் ஆராயவும் சபையில் ஆள் உண்டோ எனின், பெரும்பாலும் இல்லை. ஆனால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சியில் இருக்கிறது. உலகெங்கும் பரந்த எம் பழைய மாணவருள் நீரியல் வல்லோரும், கம்பனிச் சட்டம் வல்லோரும், பெருந்தொழிற்சாலைகளை நடத்தி இளைப்பாறியோரும் உளர். கட்டடத்திற்கும் விளையாட்டரங்கிற்கும் அவர்கள் அனுப்பும் பணத்தை நன்றியோடு பெறுகிறோம். ஒரு பிரதேச சபை முதன்முறையாக ஒரு கம்பனியோடு பேச அமரும் நாளில், உடன்படிக்கை நகலை வாசித்துத் திருத்திக் கொடுக்க இரண்டு மாலைப்பொழுதுகளை அவர்கள் தருவாராயின், அதன் பெறுமதி கட்டடத்தினும் குறைந்ததாகாது. அவ்வுதவியைக் கேட்பதிற் சபைகளுக்கு நாணம் வேண்டியதில்லை; கேட்குமுன் கொடுப்பதில் எமக்கும் நாணம் வேண்டியதில்லை.

மாணவரையும் யான் விட்டுவிடவில்லை. நீரின் உவர்ப்பை அதன் மின்கடத்துதிறனால் அளக்கும் கையடக்கக் கருவி இன்று எளிதிற் கிடைக்கிறது. அதன் விலை ஒரு நல்ல கிறிக்கெற் மட்டையின் விலையை விஞ்சாது. விஞ்ஞானக் கழகத்தினர் கல்லூரிக் கிணற்றை வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் அளந்து ஒரு கொப்பியிற் குறித்து வருவாராக. விடுதி மாணவர் தத்தம் ஊர்க் கிணற்றை விடுமுறையில் அளக்கலாம். வலயத்தில் முதற் தொழிற்சாலை தன் பம்பியை இயக்கும்போது, அதற்கு முன் நீர் எவ்வாறிருந்தது என்று காட்டுதற்கு அக்கொப்பி வேண்டியிருக்கும். இரண்டு கருவிகளை விஞ்ஞான ஆய்கூடத்திற்கு வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஆய்கூட உதவியாளரிடம் அவை இருக்கின்றன. கொப்பி மட்டும் இன்னும் வெறுமையாக உள்ளது.